ஆடு நனி மறந்த அடுப்பு: புறநானூறு 164-இல் அந்த அடுப்பு என்னதான் சொல்கிறது?

பூன் லே வாசகி (திங்கள், இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் நூலக வாசகர் வட்டத்தில் போன சனிக்கிழமை புறநானூற்றின் 164ஆம் பாட்டை எடுத்தோம். பெருந்தலைச் சாத்தனார் என்ற புலவர் வள்ளல் குமணனிடம் போய்ப் பாடியது. தொடக்கத்தை மட்டும் இங்கே தருகிறேன்:

ஆடுநனி மறந்த கோடுயர் அடுப்பின்
ஆம்பி பூப்ப

சமைப்பதை அடியோடு மறந்துபோன, பக்கம் உயர்ந்த அடுப்பில் காளான் பூத்திருக்கிறது. அதற்குப் பிறகு வருவது இன்னும் கொடுமை. பால் வற்றிய மார்பைக் குழந்தை சுவைக்கிறது, ஒன்றும் வராமல் ஒவ்வொரு முறையும் அழுகிறது. தாய் அந்த முகத்தைப் பார்க்கிறாள், அவள் கண் நிறைகிறது. அவளைப் பார்த்துவிட்டுத்தான் உன்னை நினைத்து வந்தேன் என்கிறார் புலவர்.

வட்டத்தில் ஒருவர், "அடுப்பு இங்கே வறுமையின் குறியீடு" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். அடுத்த பாட்டுக்குப் போய்விட்டோம். வீடு திரும்பும்போது எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்ததிலிருந்து எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. வறுமை என்று சொல்லி முடித்துவிட்டோம், அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. வறுமையைக் காட்ட வெறும் பானை போதும், நெல் இல்லாத குதிர் போதும். ஏன் அடுப்பு? "சமைக்காத அடுப்பு" என்று சொல்லாமல் "மறந்த அடுப்பு" என்று ஏன் சொன்னார்? அடுப்புக்கு மறதி உண்டா?

பண்டிதர்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்றில்லை. அடுப்போடு பழகியவர்கள் யாரானாலும் சொல்லுங்கள்.

மரபுவழி (திங்கள், இரவு 10.25)

இந்தப் பாட்டு பாடாண்திணை, அதாவது ஒருவரின் புகழையும் கொடையையும் பாடுவது; பரிசில் கடாநிலைத் துறை. பரிசில் கேட்க வந்தவர் தன் வீட்டு நிலையைச் சொல்வது அந்தத் துறையின் வழக்கம். சிறுபாணாற்றுப்படையிலும் இதே காட்சி இருக்கிறது. சிதல் அரித்த பழஞ்சுவர், புழுதியில் பூத்த காளாம்பி, பொலிவிழந்த அட்டில் (சமையலறை), அங்கே குட்டி போட்ட நாய் பால் கொடுக்க மாட்டாமல் குரைக்கிறது. அங்கும் காளான், இங்கும் காளான். புலவர்களுக்குள் புழங்கிய வாய்பாடு என்றே நான் நினைக்கிறேன்.

இன்னொன்று. குறியீடு என்ற சொல் நம்மிடம் புதுக்கவிதையோடு பரவியது. அகப்பாட்டில் உள்ளுறை, இறைச்சி என்று மறைபொருளைத் தேடலாம். இது புறப்பாட்டு. வீட்டில் அடுப்பு எரியவில்லை, எரியவில்லை என்று சொல்கிறார். அதற்கு மேல் அந்த அடுப்பின் மேல் எதையும் ஏற்ற வேண்டாம்.

சொல்தேடி (திங்கள், இரவு 11.10)

ஐயா சொல்வதில் துறை, திணை எல்லாம் சரி. ஆனால் "வழக்கம்" என்று சொன்னால் அந்தக் குறிப்பிட்ட சொல் ஏன் அங்கே வந்தது என்ற கேள்விக்குப் பதில் வருவதில்லை.

"ஆடு" என்பதைப் பாருங்கள். இது ஆடுகிற ஆடு இல்லை, மேய்கிற ஆடும் இல்லை. அடு என்றால் சமைத்தல். கெடு என்பது கேடு ஆகிறது, படு என்பது பாடு ஆகிறது, சுடு என்பது சூடு ஆகிறது. அதே போல அடு என்பது நீண்டு ஆடு ஆகியிருக்கிறது. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பள்ளியில் படித்திருப்போம். அடிசில், அட்டில் எல்லாமே இந்த வேரில் இருந்து வந்தவை.

இப்போது அடுத்த சொல்லுக்கு வாருங்கள். அடுப்பு. அதுவும் அடு-வில் இருந்து வந்ததுதான். அடுவதற்கு உரியது அடுப்பு. ஆக, "ஆடு மறந்த அடுப்பு" என்று சொல்லும்போது, அந்தப் பொருள் தன் பெயருக்குள் இருக்கிற வினையையே மறந்துவிட்டது. பெயர் மட்டும் மிச்சம். "எரியாத அடுப்பு", "வெறும் அடுப்பு" என்று வேறு எப்படிச் சொல்லியிருந்தாலும் இது கிடைத்திருக்காது.

இத்தனை வருடம் இந்த அடியைச் சொல்லிச் சொல்லிப் பழகியும் எனக்கு இது தோன்றவில்லை. உங்கள் கேள்வியைப் படித்த பிறகுதான் கண்ணில் பட்டது. நன்றி வாசகி.

பூன் லே வாசகி (செவ்வாய், காலை 6.50)

ஐயோ, இது எங்கள் கண்ணில் படாமல் போனதே! ஆடு, அடுப்பு என்று காதில் ஒலித்ததை வெறும் ஓசை நயம் என்றுதான் எடுத்துக்கொண்டோம்.

மறதி என்றதும் எனக்கு 160ஆம் பாட்டும் நினைவுக்கு வருகிறது. பெருஞ்சித்திரனார் அதே குமணனைப் பாடியது. அதில் வீட்டில் உணவு இல்லாததால் குழந்தை "இல்மறந்து" திரிகிறான். வீட்டையே மறந்துவிட்டான். பசித்து வந்து ஒவ்வொரு கலமாகத் திறந்து பார்த்து அழுகிறான். தாய் புலியைச் சொல்லிப் பயமுறுத்துகிறாள், நிலாவைக் காட்டுகிறாள். அங்கே பிள்ளை வீட்டை மறக்கிறது, இங்கே அடுப்பு சமையலை மறக்கிறது. சாப்பாடு இல்லாத வீட்டில் மறதி ஒரு நோய் மாதிரி ஒவ்வொன்றாகத் தொற்றுகிறது.

பத்தொன்பதாம் மாடி (செவ்வாய், மதியம் 1.15)

நான் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன், தமிழ் இலக்கியம் பாடமாக எடுத்ததில்லை. தப்பாக இருந்தால் திருத்துங்கள்.

எங்கள் வீட்டு அடுப்பும் ஆடு நனி மறந்த அடுப்புதான். பொங்கோலில் புது வீவக வீடு, அரசு கட்டிய அடுக்குமாடி. கண்ணாடி மேல் போட்ட இன்டக்‌ஷன் அடுப்பு. சாவி வாங்கிய அன்று அம்மா அதில் பால் காய்ச்சிப் பொங்கவிட்டார். அப்புறம் திங்கள் முதல் வெள்ளிவரை யாரும் தொடுவதே இல்லை. அப்பா வேலை முடிந்து வரும்போது உணவங்காடியில் வாங்கி வந்துவிடுவார். சனிக்கிழமை அதைத் துடைப்பது என் வேலை. தூசிதான் துடைப்பேன், எண்ணெய்ப் பிசுக்கு இருக்காது.

எங்கள் வீட்டில் யாரும் பட்டினி இல்லை. வாங்கிச் சாப்பிட வசதி இருப்பதால்தான் அடுப்பு மறந்துபோனது. அப்படியென்றால் "அடுப்பு = வறுமை" என்ற கணக்கு எங்கள் வீட்டில் உதைக்கிறது. பொருள் ஒன்றுதான், அர்த்தம் நேர் எதிர். பிறகு எப்படி அதைக் குறியீடு என்று சொல்வது?

செம்பவாங் பாட்டி (செவ்வாய், இரவு 8.05)

பத்தொன்பதாம் மாடிப் பிள்ளைக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். எனக்குச் சங்கப்பாட்டு தெரியாது. அடுப்பு தெரியும். அதனால் எழுதுகிறேன்.

நான் பிறந்தது செம்பவாங்கில். என் அப்பா பிரிட்டிஷ்காரர்களின் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தார். 1971இல் அவர்கள் தளத்தை விட்டுப் போகும்வரை அங்கேதான் இருந்தோம். எங்கள் அம்மா வீட்டுக்குப் பின்னால் மண்ணைக் குழைத்துத் தானே அடுப்புப் போட்டிருந்தார். மூன்று குமிழ் வைத்து, பக்கத்தில் ஒரு கொடி அடுப்பு. பெரிய அடுப்பில் சோறு வெந்தால் அந்தச் சூட்டிலேயே கொடி அடுப்பில் ரசம் நுரை கட்டிவிடும். வெள்ளிக்கிழமை மெழுகிக் கோலம் போடுவார். பிறகு கரி அடுப்பு வந்தது, மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது, அடுக்குமாடிக்குப் போனதும் காஸ் வந்தது. ஆனாலும் அந்த மண் அடுப்புதான் எனக்குக் கனவில் வருகிறது.

வாசகி கேட்டதற்கு வருகிறேன். மண் அடுப்பைத் தினமும் மூட்டினால் அது ராத்திரிகூட முழுக்க ஆறாது. காலையில் சாம்பலைக் கிளறினால் உள்ளே கங்கு இருக்கும். ஒரு சுள்ளியைப் போட்டு ஊதுகுழலால் நாலு ஊது ஊதினால் போதும், தீக்குச்சி வேண்டாம். அடுப்பு நேற்றைய நெருப்பை ஞாபகம் வைத்திருக்கும் என்று நான் சொல்வேன். மறந்தது என்று அந்தப் புலவர் எழுதியது அதனால்தான் எனக்குப் புரிகிறது. ஒரு நாள் மூட்டாவிட்டால் அடுப்பு மறக்காது. இரண்டு நாளிலும் மறக்காது. பல நாள் ஆக வேண்டும்.

"அடுப்பில் பூனை தூங்குகிறது" என்று நம்மவர்கள் சொல்வார்கள். பூனை படுக்க ஒரு வேளை மூட்டாமல் இருந்தால் போதும். காளான் அப்படி இல்லை. சாம்பல் நமத்துக் கட்டியாகி, மண்ணுக்குள் ஈரம் இறங்கி, ஒரு மழைக்காலம் அப்படியே கிடந்தால்தான் முளைக்கும். கூரையும் ஒழுகியிருக்கும். இல்லாவிட்டால் அடுப்புக்குள் அத்தனை ஈரம் எங்கிருந்து வரும்? அவர் கூரையைப் பற்றிச் சொல்லவில்லை, எனக்குத் தெரிகிறது.

"கோடுயர்" என்று ஒரு சொல் இருக்கிறதே, பக்கம் உயர்ந்த என்று வாசகி எழுதியிருந்தார். அதுவும் என் மனதை என்னவோ செய்தது. தினம் பானை ஏற்றி இறக்கினால் அடுப்பின் பக்கமும் குமிழும் தேயும், உதிரும். அம்மா பொங்கலுக்கு முன்னால் புது மண் அப்பிச் சரிசெய்வார். பக்கம் உயரமாகவே நிற்கிறது என்றால் அதன்மேல் பானை உரசவே இல்லை. என் அனுபவத்தில் படிக்கிறேன், புலவர் அப்படி நினைத்தாரா என்று பெரியவர்கள் சொல்லட்டும்.

பூன் லே வாசகி (செவ்வாய், இரவு 9.30)

பாட்டிம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. "அடுப்பு நேற்றைய நெருப்பை ஞாபகம் வைத்திருக்கும்." இதைப் படித்ததும் எழுந்து சமையலறைக்குப் போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

ஈரம் என்று நீங்கள் எழுதிய பிறகு பாட்டை மறுபடி எடுத்து மெதுவாகப் படித்தேன். எனக்கு ஒன்று தெரிகிறது, சரியா பாருங்கள். அடுப்பு காய்ந்திருக்க வேண்டிய இடம், அங்கே காளான் முளைக்கும் அளவுக்கு ஈரம். மார்பு பால் சுரந்து ஈரமாக இருக்க வேண்டியது, அங்கே தோலோடு திரங்கிய வறட்சி, துளை தூர்ந்துபோன "பொல்லா வறுமுலை". அடுத்து மனைவியின் கண், "நீரொடு நிறைந்த ஈரிதழ் மழைக்கண்". வேண்டாத இடத்தில் ஈரம், வேண்டிய இடத்தில் வறட்சி, கடைசியில் கண்ணில் வந்து நிற்கிறது மழை. அடுப்பில் தொடங்கிய ஈரம்தான் கண்வரைக்கும் வந்திருக்கிறது.

பத்தொன்பதாம் மாடி கேட்டதற்கு இதில் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன் தங்கச்சி. அடுப்பு தனியாக எதற்கும் குறியீடு இல்லை. வறுமை என்ற அட்டையை அதன்மேல் ஒட்டினால், உங்கள் வீட்டில் அந்த அட்டை உரிந்து விழத்தான் செய்யும். இந்தப் பாட்டில் அந்த அடுப்புக்குப் பக்கத்தில் இந்த மார்பு இருக்கிறது, இந்தக் குழந்தை முகம் இருக்கிறது, இந்தக் கண் இருக்கிறது. அந்த வரிசைதான் அதைப் பேச வைக்கிறது. உங்கள் வீட்டு அடுப்பைப் பற்றி யாராவது எழுதினால் அதற்குப் பக்கத்தில் வேறு பொருள்கள் இருக்கும். வேலை முடிந்து பொட்டலத்தோடு மின்தூக்கியில் வருகிற அப்பா இருப்பார். அப்போது அது வேறு கவிதை.

மரபுவழி (செவ்வாய், இரவு 10.50)

அம்மா எழுதியதையும் வாசகி எழுதியதையும் இரண்டு முறை படித்தேன். நேற்று நான் வாய்பாடு என்று சொன்னதை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மழைக்கண் என்பது நான் சொன்ன அந்த வாய்பாட்டு வகைச் சொல்தான். சங்கப்பாட்டில் பெண்ணின் கண்ணுக்கு அழகு சேர்க்கும் அடைமொழி அது. குளிர்ந்த கண், ஈரமான கண் என்று தலைவியைப் புகழும்போது வரும். இந்தப் பாட்டில் அதே சொல்லுக்கு முன்னால் "நீரொடு நிறைந்த" என்று போட்டு, அழகுச் சொல்லை அழுகையாக்கிவிட்டார் சாத்தனார். வாய்பாட்டை எடுத்துக்கொண்டு அதைத் தன் வீட்டுக் கண்ணீரால் நனைத்திருக்கிறார். காளானுக்கும் அப்படித்தான் என்று இப்போது தோன்றுகிறது. சிறுபாணாற்றுப்படையில் காளான் புழுதியில் பூக்கிறது. இவர் அதை அடுப்பில் கொண்டுவந்து வைத்தார்.

"பூத்தல்" என்பதையும் கவனியுங்கள். நீறு பூத்த நெருப்பு என்று நாம் இன்றும் சொல்கிறோம். அடுப்பில் பூக்க வேண்டியது நீறு. பூத்தது ஆம்பி.

ஆனாலும் குறியீடு என்ற சொல்லில் எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது. அடுப்பு முதலில் அடுப்பாக இருக்க வேண்டும். செம்பவாங் அம்மா அதை அடுப்பாகவே பார்த்தார்கள், அதனால்தான் கூரை ஒழுகுவதுவரை தெரிந்தது.

சொல்தேடி (செவ்வாய், இரவு 11.20)

அதை முழு மனதோடு ஒத்துக்கொள்கிறேன் ஐயா.

அறந்தாங்கியான் (புதன், இரவு 10.35)

வணக்கம் அக்கா, ஐயா, பாட்டி. நான் துவாஸ் பக்கம் விடுதியில் இருக்கிறேன். கட்டுமான வேலை, இங்கே வந்து 9 வருடம் ஆகிறது. ரெண்டு நாளாக இதைப் பேருந்தில் போகவர வாசித்தேன். கூட இருக்கிறவர்களுக்கும் படித்துக் காட்டினேன். எழுதலாமா என்று யோசித்து யோசித்து இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் எல்லோரும் அந்த அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து பேசுகிறீர்கள். எனக்கு முதலில் தோன்றியது வேறு. இதைச் சொல்கிறவர் அடுப்புக்குப் பக்கத்தில் இல்லை. வீட்டை விட்டு வந்துவிட்டார். குழந்தை அழுவதை, அந்த அம்மா பார்ப்பதை, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு "உன்னை நினைத்து வந்தேன்" என்று இன்னொருத்தர் முன்னால் நிற்கிறார். எவ்வளவு தூரம் நடந்தாரோ. அடுப்பு அவர் கண்ணுக்குள் இருக்கிறது, அவ்வளவுதான். நாங்களும் இப்படித்தான் வந்தோம். முகவருக்குக் கட்டக் கடன் வாங்கி, வீட்டில் என்ன இருக்கிறது என்ன இல்லை என்று எண்ணிப் பார்த்துவிட்டு விமானம் ஏறினோம். வந்த முதல் மாதம் எனக்கு ஊர் என்றால் வீட்டு வாசலோ தெருவோ கோயிலோ ஞாபகத்துக்கு வரவில்லை. பின்கட்டில் அம்மா குனிந்து ஊதுகிற அடுப்புதான் வந்தது. அதனால் "ஏன் அடுப்பு" என்று அக்கா கேட்டதற்கு என்னுடைய பதில் இதுதான்: தூரத்தில் இருக்கிறவனுக்கு வீடு என்றால் அதுதான் தெரியும்.

எங்களுக்குச் சாப்பாடு விடியற்காலை 5 மணிக்கே பொட்டலமாக வந்துவிடும். காலைக்கும் மதியத்துக்கும் சேர்த்து. மதியம் 12 மணிக்குப் பிரிக்கும்போது சோறு விறைத்திருக்கும். யாரோ எங்கேயோ பெரிய அடுப்பில் நடுராத்திரியில் சமைத்தது. அந்த அடுப்பை நான் பார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடுதிச் சமையல்கூடத்தில் வரிசையில் நின்று அடுப்புப் பிடித்துக் கருவாட்டுக் குழம்பு வைப்போம். அன்றைக்கு ஒரு நாள்தான் நெருப்பைப் பார்த்துச் சாப்பிடுவது.

ஒரு சந்தேகம். இந்தக் குமணன் பெரிய ராஜாவா? அந்தப் புலவருக்கு ஏதாவது கிடைத்ததா?

சொல்தேடி (புதன், இரவு 11.15)

தம்பி, நீங்கள் கேட்டது இந்தப் பாட்டின் உயிர்நாடி. நாங்கள் யாரும் அதைச் சொல்லவே இல்லை, எங்கள் குறைதான்.

குமணன் ராஜாதான், ஆனால் இந்தப் பாட்டு பாடப்பட்டபோது அவனிடம் நாடு இல்லை. தம்பி இளங்குமணன் நாட்டைப் பிடித்துக்கொள்ள, குமணன் காட்டில் இருந்தான். அங்கே போய்த்தான் சாத்தனார் பாடினார். பாட்டின் கீழே உள்ள பழைய குறிப்பு இதைச் சொல்கிறது. அடுத்த பாட்டு, 165, என்ன நடந்தது என்று காட்டுகிறது. கொடுக்க ஒன்றும் இல்லாத குமணன் தன் வாளை எடுத்துப் புலவர் கையில் தந்தான். என் தலையைக் கொண்டுபோய்த் தம்பியிடம் கொடுத்துப் பரிசில் வாங்கிக்கொள் என்பது பொருள். புலவர் தலையை எடுக்கவில்லை. வாளை இளங்குமணனிடம் கொண்டுபோய்க் காட்டிப் பாடினார்.

அறந்தாங்கியான் (புதன், இரவு 11.40)

அப்படியென்றால் போய்ச் சேர்ந்த இடத்திலும் அடுப்பு இல்லை. அடுப்பு அணைந்த வீட்டுக்காரர், அரண்மனை அடுப்பை இழந்தவரிடம் போய்த் தன் அடுப்பைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ராஜாவுக்கு அது நன்றாகப் புரிந்திருக்கும் ஐயா. அரண்மனையில் உட்கார்ந்திருந்தால் இவ்வளவு புரிந்திருக்குமா தெரியாது.

காலை 4 மணிக்கு எழ வேண்டும். நாளை எழுதுகிறேன்.

மரபுவழி (வியாழன், காலை 7.20)

தம்பி, பரிசில் கடாநிலை என்று நான் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போன துறைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று நீங்கள் காட்டிவிட்டீர்கள். நடந்து போனவரின் பக்கத்திலிருந்து நான் இதை ஒருநாளும் படித்ததில்லை.

பத்தொன்பதாம் மாடி (வியாழன், மாலை 6.30)

அண்ணா எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்ட பிறகு, தாத்தா முதலில் இங்கே வந்தபோது துறைமுகத்தில் சுமை தூக்கியதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். எனக்கு அதுவரை தெரியாத கதை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சமைக்கலாம் என்று இருக்கிறோம். பாட்டி, கொடி அடுப்பு இல்லாமல் ரசம் வைக்க வழி சொல்லுங்கள்.

அறந்தாங்கியான் (வியாழன், இரவு 9.50)

இன்று சாயங்காலம் அம்மாவுக்கு வீடியோவில் பேசினேன். அடுப்பில் காளான் முளைக்குமா அம்மா என்று கேட்டேன். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

போன ஐப்பசி மழையில் எங்கள் பின்கட்டு அடுப்பில் முளைத்திருந்ததாம். வெள்ளையாக, குடை குடையாக. நான் அனுப்பிய பணத்தில்தான் காஸ் இணைப்பு வாங்கி உள்ளே மேடை கட்டினோம். அதற்கப்புறம் அந்த மண் அடுப்பை மூட்டவே இல்லை என்றார். போனைத் திருப்பிக் காட்டினார். இப்போது காளான் இல்லை. அடுப்பின் ஒரு பக்கம் கரைந்திருக்கிறது. குமிழ் மூன்றும் அப்படியே இருக்கிறது.

சந்தோஷப்படுவதா என்ன என்று தெரியவில்லை அக்கா. வீட்டில் மூன்று வேளையும் அடுப்பு எரிகிறது. நான் ஞாபகம் வைத்திருக்கிற அடுப்பு மட்டும் மறந்துவிட்டது.

செம்பவாங் பாட்டி (வியாழன், இரவு 10.10)

தம்பி, ஊருக்குப் போகும்போது அந்தக் கரைந்த பக்கத்துக்குக் கொஞ்சம் மண் குழைத்து அப்பிவிடு. களிமண்ணும் சிறு வைக்கோலும் சேர்த்தால் பிடித்துக்கொள்ளும். ரெண்டு நாள் காயவிட்டு, மூன்றாம் நாள் சின்னத் தீயாக மூட்டு. எடுத்தவுடன் பெருந்தீ வைத்தால் வெடித்துவிடும்.

பத்தொன்பதாம் மாடிப் பிள்ளை, ரசம் கொதிக்கக் கூடாது, நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். அதற்கு உன் கண்ணாடி அடுப்பே போதும்.